நன்றி, மீண்டும் வருக

அட, அளக்கறது இருக்கட்டும் தம்பி, டேப்பு எங்கியும் ஓடிப் போயிடாது. மொதல்ல இப்பிடி மூச்சை இழுத்துப் பாருங்க. இழுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங்! வந்துச்சா? இதைத்தான் நாங்க காத்தால எந்திரிச்சதுலருந்து இழுத்துக்கிட்டுக் கெடக்கறோம். தலையில மல்லி வெச்சாலும் இதே வாசனை, அம்மியில கொத்தமல்லி வெச்சாலும் இதே வாசனை. நேத்து எங்க வூட்டுக்காரரு ரசத்தை மோந்து பாத்துட்டு, கெட்டுப் போச்சுடின்னு கொண்டு போயி வாசல்ல ஊத்திட்டாரு. அப்பத்தான் எறக்குன ரசங்க அது! ஆவி கூட அடங்கலை. ரசம் கெடலை தம்பி, காத்துதான் கெட்டுப் போச்சு.

உக்காருங்க. காவியா! சேரு ஒண்ணு கொண்டாம்மா, அந்த ஒடைஞ்சது இல்ல, நல்லது! வேணாம்னு சொல்லாதீங்க. நகராட்சியும் சுத்துப்பட்டு பஞ்சாயத்துங்களும் ஒண்ணா சேந்து அனுப்பிச்ச மொத ஆளு நீங்கதான். உங்கள நிக்க வெச்சி அனுப்புனா எங்க தெருவுக்குத்தான் அசிங்கம். மோரு குடிங்க. இஞ்சி தட்டிப் போட்டது. எங்க எருமை மோருதான், பாக்கெட்டு இல்ல.

எருமையான்னு பாக்கறீங்களா? டவுனுக்குள்ள எருமை வெச்சிக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லீங்களே? இல்லல்ல. அப்ப குடிங்க.

அதோ, கரண்டு டிரான்ஸ்பாரம் கிட்ட பேட்டரி வண்டியில சாஞ்சிக்கிட்டு செல்போன் பாக்கறானே, அவன் குமாரு. நகராட்சி வண்டி. இந்தப் பக்கம் பாருங்க, ரோட்டுக்கு அடியில சாக்கடை போவுதே மோரிப் பாலம், அதுக்கு அந்தாண்ட வண்டிய நிறுத்திட்டு வெத்தலை போடறாளே, அவ குள்ளம்மா. பஞ்சாயத்து வண்டி. அவன் தெனமும் அங்கியே திரும்பிடறான், இவ தெனமும் இங்கியே திரும்பிடறா. நடுவுல இருக்கற எங்க வூடுங்கள அண்ணாந்து கூடப் பாக்க மாட்டாங்க. முன்ன எல்லாம் காத்தால விசிலு ஊதிக்கிட்டு வருவாங்க, நாங்க பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். இப்ப ரெண்டு பக்கமும் விசிலு கேக்குது. ரெண்டு பக்கமும் ஓடுவோம். ரெண்டு பேரும் போ போன்னு வெரட்டுவாங்க. கல்யாண வூட்டுல எந்தப் பந்தியிலயும் எடம் கெடைக்காதவன் மாதிரி குப்பை பக்கெட்டோட நடுரோட்டுல நிப்போம்.

குமாரைக் கேட்டா, அக்கா, உங்க வூட்டு கதவுல எங்க ஸ்டிக்கர் இல்லங்கறான். அதை செல்போன்ல காமிச்சி டிக்குன்னு ஒரு சத்தம் வந்தாத்தான் குப்பை எடுப்பானாம். ஸ்டிக்கர் ஒட்டுடான்னா, ஆபீசுல வந்தாத்தான் ஒட்டுவேன்றான். சரின்னு இந்தப் பக்கம் வந்து குள்ளம்மாவைக் கேட்டா, அவ வூட்ல பேசறது கன்னடம், அதுலயே 'நம்து அல்லா, நம்து அல்லா'ன்னுட்டு கைய ஆட்டிட்டுப் போறா. எங்களுது இல்லைன்னு அர்த்தமாம். ஏண்டி, போன மாசம் வரைக்கும் எங்க வூட்டுத் தேங்கா மட்டைய அள்ளிக்கிட்டுப் போனியே, அப்ப மட்டும் 'நம்து'வான்னு கேட்டேன். நகராட்சி எல்லை போர்டைப் பாரு அக்கான்னு சொல்லிட்டா. போர்டுக்கு அந்தாண்டதான் அவளுதாம்.

அப்பறம் என்ன பண்றதுங்க? வெச்சிக்கிட்டு எத்தினி நாளைக்கு இருக்க முடியும்? மொதல்ல யாரோ ஒருத்தரு போர்டுக்குக் கீழ ஒரு கவரை வெச்சாங்க. நான் இல்ல. நான் ரெண்டாவது. ஒரு கவரு இருந்தா எல்லாருக்கும் தைரியம் வந்துருதுல்ல? இப்ப பாருங்க, போர்டு எழுத்தே பாதி மறைஞ்சி போச்சு. ஆடு ஏறி நின்னுக்கிட்டு எழுத்தைப் படிக்குது.

நான் சும்மா இருக்கற ஆளு இல்ல தம்பி. கிராம சபைக்குப் போயி மைக்கைப் புடுங்கிப் பேசுனேன். அவங்க என்னா சொன்னாங்க தெரியுமா? ஏம்மா, உங்க வூடு இப்ப நகராட்சி போர்டுக்கு உள்ளாற இருக்குதே, நீங்க ஏன் கிராம சபைக்கு வந்தீங்கன்னு கேட்டாங்க. சரிதான்னு பஸ்ஸைப் புடிச்சி நகராட்சி மனு நாளுக்குப் போனேன். அவங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, அம்மா, உங்க தெரு எங்க கணக்குலயே வரலையேன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க. மரியாதைய வெச்சிக்கிட்டு குப்பைய என்னா பண்றது?

இதுக்கு முன்னாடியே கூட்டு ஏற்பாடு ஒண்ணு பண்ணாங்களே, அது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே. டவுனும் நாலு பஞ்சாயத்தும் சேந்து ஒரே உரக்கிடங்கு, ஒரே கொசு மருந்து மெஷினு, சாக்கடை உறிஞ்சற லாரி ஒண்ணு. நல்லதுதானேங்க? நானும் போயிருந்தேன் அந்தக் கூட்டத்துக்கு. எல்லாரும் எல்லாருக்கும் பொன்னாடை போத்துனாங்க. போட்டோ புடிச்சாங்க. கேசரி குடுத்தாங்க, முந்திரி இல்ல. எனக்கு அப்பவே சந்தேகம். போன வாரந்தான் பொகை மெஷினு வந்துச்சி. டிரான்ஸ்பாரம் வரைக்கும் பொகைய அடிச்சிட்டு நிப்பாட்டிட்டான். அந்தாண்ட இருந்த கொசு அத்தினியும் குடும்பத்தோட இங்க வந்துருச்சி. அடுத்த நாளு பஞ்சாயத்துக் காரங்க மோரி வரைக்கும் அடிச்சாங்க. அங்கருந்ததும் இங்கியே வந்துருச்சி. ரெண்டு ஊருக் கொசுவும் எங்க தெருவுல எவ்ளோ ஒத்துமையா இருக்குது பாருங்க. மனுசனுங்கதான் ஒத்துமையா இல்ல.

எந்திரிக்காதீங்க எந்திரிக்காதீங்க, மோரு மீதி இருக்குது. அளக்கத்தான் போறீங்க, யாரு வேணாம்னா? நான் கேட்டதே அதானே. ரெண்டு ஆபீசுக்கும் பொதுவா ஒரு ஆளை அனுப்பி இதுக்கு ஒரு முடிவு கட்டுங்கன்னு ரெண்டு எடத்துலயும் கத்துனது நான்தானே. ஆனா தம்பி, நான் முடிவு கட்டத்தான் சொன்னேன். அளக்கச் சொல்லலை. அளக்கறதுக்கு என்னாங்க இருக்குது இதுல? போர்டு நிக்குது. போர்டு எங்க நிக்குதோ அதானே எல்லை? கண்ணு தெரிஞ்சவங்க யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. குமாருகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வந்து அள்ளிட்டுப் போயிருவான். எனக்கு அதை இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அள்ளணும், அவ்ளோதான்.

ஏன்னா கேக்கறீங்க? சொல்றேன், உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. எங்க காவியாவுக்கு எடம் பேசியிருக்குதுங்க. அரூர்ப் பக்கம். பையன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான், நல்ல கொணம், பாட்டில் பக்கம் போவ மாட்டானாம். கோயில்ல வெச்சி பையனோட அம்மா பொண்ணைப் பாத்தாச்சி, புடிச்சிப் போச்சி. இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல வூடு பாக்க வராங்க. அவங்க வேன்ல வந்து எறங்கறப்ப இந்த வாசனை வந்து மொதல்ல வாங்கன்னு கூப்புட்டா எப்பிடி இருக்கும்? சம்மந்தியம்மா மூக்குல முந்தானைய வெச்சிக்கிட்டே உள்ள வருவாங்களா? இப்பவே சம்மந்தியம்மான்னு கூப்புட்டுப் பழகிக்கிட்டேன், வாயில வந்துருது. காவியா சிரிக்கறா பாருங்க. சிரிடி சிரி. இது தட்டிப் போச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியலை தம்பி. நெசமாத்தான் சொல்றேன்.

ஏன்னா, இது மொத எடம் இல்ல. இதுக்கு முன்னாடி நல்லம்பள்ளியிலருந்து வந்தாங்க. வந்து, சாப்புட்டு, நல்லாப் பேசிட்டுப் போனாங்க. திரும்ப வரலை. ஏரியூர்லருந்து வந்தாங்க. அவங்களும் வரலை. பொண்ணு மேல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க, டிகிரி முடிச்சிட்டு மருந்துக் கடையில கம்ப்யூட்டர் பாக்கறா, சமையல் மட்டும்... அது கத்துக்கலாம். அப்ப ஏன் வரலை? நான் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். ஒரு நாளு டவுன் பஸ்சுலருந்து எறங்கி நடந்து வரேன், சடக்குன்னு கண்ணுல பட்டுச்சி. டவுன்லருந்து எங்க வூட்டுக்கு வர்ற யாரா இருந்தாலும் எதைப் பாத்துட்டு வராங்க? எங்க வூட்டுக்கு ரெண்டு வூடு முன்னால பச்சைக் கலர்ல அம்மாம்பெரிய போர்டு. அதுல என்னா எழுதியிருக்குது? 'நன்றி, மீண்டும் வருக!'

நீங்களே சொல்லுங்க. இன்னும் வாசப்படியே மிதிக்கலை, பொண்ணு மொகத்தைப் பாக்கலை, ஒரு வாய் தண்ணி குடிக்கலை. அதுக்குள்ள நன்றி, மீண்டும் வருகன்னா என்னாங்க அர்த்தம்? போயிட்டு வாங்கன்னு தானே? கழுத்தைப் புடிச்சி வெளிய தள்ளறதை இதுக்கு மேல மரியாதையா எப்பிடிச் சொல்றது? அந்தாண்டப் பக்கம் பாத்தா 'நகராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது'ன்னு எழுதியிருக்குது. அதை யாரு பாக்கறா? பஞ்சாயத்துலருந்து வர்ற மாடுதான் பாக்குது!

என்னாங்க? இப்ப போர்டு மோரிகிட்டல்ல நிக்குதுன்னு கேக்கறீங்களா? ஆமா... இப்ப அங்க நிக்குது. முன்ன டிரான்ஸ்பாரத்துகிட்ட... அதாவது, சொல்லுவாங்க, முன்ன அங்க இருந்துச்சின்னு. நான் சரியாப் பாக்கலை. இன்னும் கொஞ்சம் மோரு ஊத்தட்டுமா?

இதுல லூர்தம்மா வேற. எதுத்தாப்புல மஞ்சப் பெயிண்டு வூடு. நல்ல பொம்பளை, ஆனா கண்ணு இருக்குது பாருங்க, அது ரெண்டு கண்ணு இல்ல, ரெண்டு சிசிடிவி. அவங்க பேரன் சர்ச்சுல மொதமொதலா புதுநன்மை வாங்குனதுக்கு மண்டபத்துல விருந்து வெச்சாங்க. தெருவே போயிருச்சி. பூட்டாத வூடு எங்க வூடு ஒண்ணுதான். எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்கு வயித்து வலி. நான் மட்டும் கடைசிப் பந்திக்கு ஓடிப் போயி பிரியாணிய வாங்கியாந்தேன். சாயங்காலம் அவங்க எல்லாம் வந்து எறங்குனதும் லூர்தம்மா நின்னு பாக்கறாங்க பாக்கறாங்க... ஏன் ராணி, போர்டு எழுந்து நடந்து போயிருச்சான்னு கேக்கறாங்க! கூட்டு ஏற்பாடு பண்ணாங்கல்ல அக்கா, ஆபீசுல வந்து மாத்திட்டாங்க போல இருக்குதுன்னேன். யாரு ஆபீசுன்னாங்க. அது எனக்கு எப்பிடித் தெரியும்? பஞ்சாயத்துல கேட்டா நகராட்சி மாத்தியிருக்கும்ங்கறாங்க, நகராட்சியில கேட்டா பஞ்சாயத்து மாத்தியிருக்கும்ங்கறாங்க. ரெண்டு பேரும் பொன்னாடை போத்திக்கிட்ட மரியாதைக்கு ஒருத்தரை ஒருத்தரு கேட்டுக்கலை. அந்த மட்டுக்கும் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதாங்க.

அங்க எங்க போறீங்க? சர்வே கல்லு அங்க இல்லீங்க... அது பப்பாளிக் கன்னு. நான் வெச்சதுதான். என்னா தளதளன்னு வந்துருக்குது பாத்தீங்களா! தெருவுல டிரான்ஸ்பாரத்துக்குப் பக்கத்துல எதுக்குப் பப்பாளியா? குழி தோண்டற வேலையே இல்லாம ரெடியா ஒரு குழி இருந்துச்சி தம்பி, மண்ணு நல்லா ஒதறி விட்டாப்புல. சும்மா வுட்டா யாராவது கால வெச்சி ஒடைச்சிக்குவாங்க. சரி, ஒரு கன்னு வெச்சா புண்ணியம்தானேன்னு வெச்சேன். ஆமா, பக்கத்துலயே இன்னொரு குழியும் இருந்துச்சி. அதுல துளசி. போர்டுக்கு ரெண்டு காலு இருக்கும்னா? இருக்கும்... எல்லா போர்டுக்கும் ரெண்டு காலுதானே தம்பி. ஒத்தக் கால்ல எந்த போர்டு நிக்குது?

வெயில்ல நிக்காதீங்க, வாங்க இந்தாண்ட. ஓட்டு எங்க போடறோமா? அது பஞ்சாயத்துலதான். ரேசன் கடையும் பஞ்சாயத்துதான். வூட்டு வரி... அதுவும் அங்கதான் கட்டறோம். அதெல்லாம் வேற தம்பி! அது காயிதத்துல இருக்கறது. கண்ணுக்கு முன்னால நிக்கற போர்டை வுட்டுட்டு காயிதத்தைப் பாத்தா எப்பிடி?

அதுவும் இல்லாம, இந்த அரூர் சம்மந்தியம்மா போன மாசம் போன் பண்ணாங்க. எடுத்ததும், உங்க வூடு டவுனுக்குள்ளயா, வெளியவான்னாங்க. டவுன்லதான் பொண்ணு எடுக்கணும்னு நெனைக்கறாங்க போல இருக்குது, ஓசூர்ல இருக்கற பையன் பாருங்க. உள்ளதான்னு சொல்லிட்டேன். சொன்ன வாயை மூடறதுக்குள்ள நம்ம ஜன்னல் வழியா பாக்கறேன், அங்க அந்த போர்டு நின்னுக்கிட்டு என்னையே பாக்குது. உள்ளதான்னு வாயால சொல்லிட்டேன், போர்டு வெளியன்னு சொல்லுது. பொய்யி சொன்ன குடும்பம்னு ஆயிருமா இல்லியா? அதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கலைங்க. எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். அந்த மனுசன் அதிகம் பேச மாட்டாரு. ஆனா பொண்ணுன்னா உசுரு. அப்பிடியே எந்திரிச்சி மாட்டுக்கொட்டாய்க்குள்ள போனாரு...

எதுக்குப் போனாருன்னா? எருமைக்குத் தண்ணி காட்டத்தான்.

தம்பி, அந்த குப்பைக்குள்ள கால வுடாதீங்க, கண்ணாடி கெடக்கும். போர்டுக் காலுக்கு அடியில என்னாத்தைப் பாக்கறீங்க? சிமெண்டுதான். புதுசாத்தான் இருக்கும், சிமெண்டுன்னா புதுசாத்தான் தெரியும். டைல்ஸ் துண்டா? ஜல்லிக்குப் பதிலா போட்டிருப்பாங்க. நீலப் பூ போட்டதா... எங்க பாத்ரூம் டைல்ஸ் மாதிரியே இருக்குதா? அது எங்க பாத்ரூமை நீங்க எப்பப் பாத்தீங்க? ஓ, கை கழுவப் போனீங்கல்ல. கடையில ஒரு டிசைனை ஆயிரம் பேருக்கு விப்பான் தம்பி. ஊர்ல எத்தினி பாத்ரூமு இருக்குது! ஏங்க, நீங்க எதுக்கு இப்ப உள்ள போறீங்க? எங்க வூட்டுக்காரருதான் தம்பி, ஒரு வார்த்தை பேச மாட்டாரு, ஆனா மொகத்தைப் பாத்தா எல்லாத்தையும் எழுதி ஒட்டுன மாதிரி இருக்கும்...

இருங்க தம்பி, போன் அடிக்குது. சம்மந்தியம்மா! காவியா, அந்தப் பாயை எடு, கோலத்தை மிதிக்காத!

அலோ, சொல்லுங்க சம்மந்தியம்மா! கெளம்பிட்டீங்களா? ராவுகாலத்துக்கு முன்னாடியே கெளம்பிட்டீங்களா... நல்லது நல்லது, இப்ப எங்க வரீங்க? ... வந்துட்டீங்களா? எங்க? ... வூட்டுக்கா? எங்க வூட்டுக்கா? நான் வாசல்லதானே நிக்கறேன்! ... காபி நல்லா இருந்துச்சா? எந்தக் காபி? நான் இன்னும் அடுப்பே பத்த வெக்கலியே!

... என்னாங்க? காபி கொண்டாந்த பொண்ணு காவியா மாதிரி இல்லியா? ஐஸ்வர்யாவா... ஐயோ. ஐயோ ஐயோ. சம்மந்தியம்மா, அது மோரிக்கு அந்தாண்ட இருக்கற கண்ணம்மா வூடுங்க! எங்க வூட்டுக்காரருக்குப் பங்காளி மொறை. அந்தம்மாவும் ரெண்டு வருசமா பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கிட்டு... பலகாரம் வேற வெச்சாங்களா? வெப்பா வெப்பா, ஏன் வெக்க மாட்டா! வேன்ல பூவும் பழமுமா வந்து எறங்குனா கதவைச் சாத்துவாளா அவ? சாப்புடாதீங்க. சாப்புட்டுட்டீங்களா. சரி, போதும், அதோட போதும்!

எங்க வாசலைத் தாண்டித்தானே போயிருப்பீங்க, நான் உள்ள மோரு கடையற நேரமா இருக்கும், எப்பிடி அங்க போனீங்க? ... நான் சொன்ன அடையாளமா? கோயில்ல வெச்சி சொன்னதா? 'நன்றி, மீண்டும் வருக' போர்டைத் தாண்டுனதும் மூணாவது வூடு, மாடியில பச்சைத் தண்ணி டேங்கு... ஆமா, நான்தான் சொன்னேன். அப்ப போர்டு... போர்டு அப்ப... கண்ணம்மா வூட்டுலயும் பச்சை டேங்குதான், எங்களுதைப் பாத்துட்டுத்தான் வாங்குனா...

இல்ல இல்ல, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. வேனைத் திருப்பச் சொல்லுங்க, மோரியத் தாண்டி வந்தா வலது கைப் பக்கம், நான் நடுரோட்டுல நிக்கறேன். ... டவுனுக்குள்ளன்னா வேன் நிறுத்த எடம் இருக்காதேன்னுதான் அன்னிக்குக் கேட்டீங்களா? அதுக்குத்தானா? ... இருக்குதுங்க. எடம் நெறைய இருக்குது. டவுனு இல்லீங்க இது, பஞ்சாயத்துதான். வேனு நிறுத்தலாம், லாரி நிறுத்தலாம், எருமையே கட்டியிருக்கறோம். ... எருமை இருக்குதான்னு கேக்கறீங்களா? பால் கறக்குதுங்க! வாங்க, வாங்க, வந்துருங்க!

தம்பி... கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. வேன் நிறுத்தறதுக்காம்! நான் என்னென்னவோ நெனைச்சி... டேய் குமாரு! வண்டிய எடுத்துக்கிட்டு ஓடியா! குள்ளம்மா! ஏ குள்ளம்மா, நீயும் வாடி! அள்ளுங்க! யாருதா? எங்களுதுதான்டி, 'நம்து'தான்! ஓட்டுப் போடறது இங்க, வரி கட்டறது இங்க, குப்பை மட்டும் வேற ஊருதா இருக்குமா? டேய், ஸ்டிக்கர் ஸ்டிக்கர்ங்காத, வேணும்னா என் நெத்தியில ஒட்டி டிக்கு அடிச்சிக்கோ! அவ ஒருத்தியா எப்பிடி அள்ளுவா, நீ அந்தாண்டருந்து வா. ஆங், அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒண்ணா குனிஞ்சி அள்ளறதை மொதவாட்டியாப் பாக்கறேன். தம்பி, இதைப் போட்டோ புடிங்க, அந்தக் கூட்டத்துல புடிச்சதை வுட இது நல்லாருக்கும்!

இருங்க, போர்டுல கை வெக்காதீங்க! இப்ப இல்ல. யோசிச்சிப் பாருங்க. அவங்க இப்ப எந்தப் பக்கத்துலருந்து வராங்க? மோரிக்கு அந்தாண்டருந்து. அப்ப போர்டு அவங்களுக்கு எதைக் காமிக்கும்? 'அன்புடன் வரவேற்கிறது'! கண்ணம்மா வூட்டு அதிரசத்தைத் தின்னுட்டு வர்றவங்களுக்கு எங்க வாசல்ல இது ஒண்ணாவது இருக்கட்டும். உள்ள வந்து உக்காந்து காபி குடிக்கட்டும். அதுக்கப்பறம் நீங்க எந்த எடம்னு சொல்றீங்களோ அந்த எடம்.

மாட்டுக்கொட்டாய்ல நொழைஞ்சதும் இடது பக்கம் சாத்தி வெச்சிருக்குது கடப்பாறை. எங்க வூட்டுக்காரரு எடுத்துக் குடுப்பாரு, அவருக்கு எப்பிடிப் பேக்கணும்னு... அதான், அன்னிக்கு வயித்து வலியோட பேத்தாருல்ல. அடிச் சிமெண்டு கொஞ்சம் கெட்டியாப் புடிச்சிருக்கும், நான்தான் கலக்கிக் குடுத்தேன். பழைய குழியிலயே நட்டுருங்க. துளசிய நான் வூட்டுல வெச்சிக்கறேன், பப்பாளிய மட்டும் வேர் அறாம எடுங்க தம்பி, இப்பத்தான் மண்ணைப் புடிச்சிருக்குது.

அதோ... அதோ பாருங்க, வேன் மோரிப் பாலத்துல ஏறிருச்சி! காவியா, தலையக் கோதிக்கிட்டு உள்ள போ! சம்மந்தியம்மா முன்னாடி சீட்டுல உக்காந்து சிரிச்சிக்கிட்டே வராங்க. இத்தினி வருசமா அந்தப் போர்டைத் தாண்டிப் போனவங்கள்ல மொதவாட்டியா ஒரு குடும்பம், அதுல எழுதியிருக்கற மாதிரியே மீண்டும் வருதுங்க தம்பி!